‘டீமுக்கு செட் ஆகமாட்டார்’ என்று எழுதுவதற்கு முன்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புதுச்சேரியிலும் கடலூரிலும் பத்துப் பேர், இருபது பேர், மிஞ்சிப்போனால் நாற்பது பேர் வேலை பார்க்கும் சாஃப்ட்வேர் கம்பெனிகள் பல இருக்கின்றன. வானூர் பக்கம் திருச்சிற்றம்பலத்தில் 2024 பிப்ரவரியில் மினி டைடல் பூங்காவும் திறந்தாயிற்று. ஆனாலும் ‘நல்ல ஆளே கிடைக்கமாட்டேங்குது’ என்ற புலம்பல் ஓயவில்லை. இதே வட்டாரத்தில், சென்னையிலும் பெங்களூரிலும் பதினைந்து, இருபது வருடம் புரோகிராம் எழுதிவிட்டு, வயதான அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள நெய்வேலிக்கோ சிதம்பரத்துக்கோ பண்ருட்டிக்கோ திரும்பி வந்த நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்காரர்கள் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். இந்த இரண்டு தரப்பும் இன்டர்வியூ மேசையில் சந்தித்தால் முடிவு பெரும்பாலும் ஒன்றுதான்: ‘ஆள் நல்லாத்தான் பேசறாரு, ஆனா டீமுக்கு செட் ஆகமாட்டாரு.’ இந்தத் தீர்ப்பு எங்கிருந்து வருகிறது, அதைச் சோதித்துப் பார்க்க வழி என்ன என்பதை ஆள் எடுக்கும் இடத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளம்.

சட்டத்தை முதலிலேயே முடித்துவிடலாம், சொல்ல அதிகமில்லை. நம் அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றின் பேரில் அரசு பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அரசு வேலை பற்றிய 16-ஆவது பிரிவு அந்தப் பட்டியலோடு வம்சாவளியையும் வசிப்பிடத்தையும் சேர்க்கிறது. வயது இரண்டிலும் கிடையாது. அமெரிக்காவில் 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, 20 ஊழியர்களுக்குக் குறையாத நிறுவனங்கள் 40 வயது நிரம்பியவரை வயதுக்காக ஒதுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2000-ஆம் ஆண்டு நெறிமுறையும், பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டுச் சட்டமும் இதே வேலையைச் செய்கின்றன. இங்கே வழக்கு வராது என்று நிம்மதியாக இருப்பவர்கள், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒப்பந்தத்தோடு இணைத்து அனுப்பும் நடத்தை விதிகளை ஒரு முறை எடுத்துப் படிக்கலாம். பாகுபாடு கூடாது என்ற பத்தியில் வயதும் சேர்ந்திருப்பது சகஜம். கீழே கையெழுத்துப் போட்டிருப்பவர் நம் எம்.டி.

இனி காரணத்துக்கு வருவோம். இளவயது மோகம் பெரிய சர்வீஸ் கம்பெனிகளின் கணக்குப் புத்தகத்திலிருந்து வந்தது. அவை வாடிக்கையாளரிடம் ஆள் கணக்கில், மணிக் கணக்கில் பில் போடுகின்றன. ஒரு புராஜெக்டில் கீழ்த்தட்டில் முதல் மூன்று, நான்கு வருட அனுபவக்காரர்கள் நிறையப் பேர், அவர்களுக்கு மேல் சில லீடுகள் (குழுத் தலைவர்கள்), உச்சியில் ஒரு மேனேஜர். வாடிக்கையாளர் தரும் சராசரி ரேட்டுக்கும் ஊழியர்களின் சராசரிச் சம்பளத்துக்கும் நடுவில் கிடைப்பது லாபம். மேல்தட்டில் ஒருவர் கூடினாலும் சராசரி ஏறிவிடும். அதனால் பன்னிரண்டு வருடம் தாண்டியவர் மேனேஜர் ஆக வேண்டும், இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். நல்லதோ கெட்டதோ, அந்த வியாபாரத்தில் இதற்கு ஒரு தர்க்கம் இருக்கிறது.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் பள்ளிக்கூட ஃபீஸ் சாஃப்ட்வேரோ ஆஸ்பத்திரி பில்லிங்கோ எழுதி விற்கும் பன்னிரண்டு பேர் கம்பெனிக்கு அந்தத் தர்க்கம் துளியும் பொருந்தாது. அது ஆள் கணக்கில் பில் போடுவதில்லை. ஒரே சாஃப்ட்வேரை நூறு வாடிக்கையாளருக்கு விற்கிறது. ஒரு பக் (புரோகிராம் தவறு) நூறு இடத்தில் வெடிக்கும். அங்கே போய் சர்வீஸ் கம்பெனியின் வயது வரம்பைக் காப்பியடித்தால் செலவு எப்படிக் கூடும் என்று பாருங்கள். உதாரணத்துக்கு, மாதம் 75,000 ரூபாய் இருக்கிறது. 25,000 வீதம் மூன்று ஃப்ரெஷர் (படிப்பு முடித்துப் புதிதாக வருபவர்) எடுக்கலாம், அல்லது அனுபவமுள்ள ஒரே ஒருவரை எடுக்கலாம். மூன்று பேர் எழுதும் கோடையும் (புரோகிராம் வரிகளையும்) யாராவது ரிவ்யூ செய்தாக வேண்டும், அதாவது படித்துச் சரிபார்த்தாக வேண்டும். ஒருவருக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் என்று வைத்தாலும் இருக்கிற ஒரே லீடின் மூன்று மணி நேரம் அதில் போய்விடும். அவருடைய சொந்த வேலை ராத்திரிக்குத் தள்ளப்படும். ஆறேழு மாதத்தில் மூன்று பேரில் ஒருவருக்குச் சென்னையிலிருந்து ஆஃபர் வரும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

எல்லா இடத்துக்கும் மூத்தவரையே எடுங்கள் என்று சொல்ல வரவில்லை. ஒரே மாதிரி நாற்பது ஸ்கிரீன் செய்ய வேண்டும், கையால் டெஸ்ட் செய்ய வேண்டும், சப்போர்ட் போன் எடுக்க வேண்டும் என்றால் ஃப்ரெஷர்தான் சரி. டேட்டாபேஸ் அமைப்பு, பணக் கணக்கு, பழைய வெர்ஷனிலிருந்து டேட்டாவை மாற்றுவது போன்ற வேலைகளில் ஒருவராவது ஏற்கெனவே அடிபட்டவராக இருக்க வேண்டும். எந்த வேலைக்கு ஆள் எடுக்கிறோம் என்பதை எழுதி வைக்காமல் விளம்பரம் கொடுப்பதில்தான் முதல் கோளாறு.

வயதை நேரடியாகக் கேட்பவர்கள் குறைவு. அது வேறு வேறு வாசல் வழியாக நுழைகிறது. ‘2024, 2025 பேட்ச் மட்டும்’ என்பது அப்பட்டமான வயது வரம்பு. ‘பத்தாம் வகுப்பிலிருந்து டிகிரி வரை 60 சதவீதம்’ என்று கேட்டால், 1996-ல் பத்தாவது எழுதியவர் அந்தப் பழைய மார்க் ஷீட்டைத் தேட வேண்டியிருக்கும். அந்த மார்க்குக்கும் இன்றைய வேலைக்கும் சம்பந்தமே இல்லை. ‘இமீடியட் ஜாயினர்’ இன்னும் விசித்திரம். பெரிய கம்பெனிகளில் நோட்டீஸ் பீரியட் 90 நாள். அப்படியானால் உடனே வரக்கூடியவர் தற்போது வேலையில் இல்லாதவர். அவர் வந்து உட்கார்ந்ததும் முதல் கேள்வி: ‘ஏன் சார், இப்போ வேலையில இல்லை?’ அடுத்தது சி.டி.சி., அதாவது வருடச் சம்பளத் தொகை. போன வேலையில் வாங்கியதைக் கேட்டு, ‘அவ்வளவு வாங்கினவர் இங்கே நிலைக்க மாட்டார்’ என்று கம்பெனியே முடிவு செய்துகொள்கிறது. சம்பள வரம்பை விளம்பரத்திலேயே போட்டுவிட்டால் இந்த ஊகத்துக்கு இடமில்லை. 60,000 முதல் 80,000 என்று பார்த்துவிட்டும் விண்ணப்பிக்கிறவர், வீட்டு வாடகையும் டிராஃபிக்கும் மிச்சம் என்று கணக்குப் போட்டுத்தான் விண்ணப்பிக்கிறார்.

விண்ணப்பப் படிவத்தில் பிறந்த தேதிக்கு என்ன வேலை? பி.எஃப். கணக்குக்கு வேண்டும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அது ஆஃபர் கொடுத்த பிறகு நிரப்பும் படிவம். டிகிரி வாங்கிய வருடமும் அப்படியே. முதல் கட்டத்தில் ரெஸ்யூமைப் பிரிப்பவர் கண்ணில் இவை இரண்டும் படாமல் அந்த இரண்டு நெடுவரிசைகளை மறைத்து வைக்க எக்செல் ஷீட்டில் ஒரு நிமிடம் போதும். ‘45 வயதுக்காரர் எத்தனை நாள் இருப்பார்’ என்ற கேள்விக்கும் விடை அங்கேயே இருக்கிறது: பி.எஃப். பென்ஷன் வயது 58. இன்னும் 13 வருடம். 22 வயதுக்காரர் அதில் பாதி நாள் இருந்தால் பெரிய விஷயம்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். ஆள் எடுக்கும் எந்த முறை பின்னாளில் வேலைத் திறனை எவ்வளவு சரியாகக் கணிக்கிறது என்று பிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் ஆகிய இரு உளவியல் ஆய்வாளர்கள் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து 1998-ல் ஓர் அட்டவணை வெளியிட்டார்கள். கணிப்பு முழுக்கச் சரி என்றால் 1, தொடர்பே இல்லை என்றால் 0. அதில் வயதுக்குக் கிடைத்தது மைனஸ் 0.01, அதாவது ஒன்றுமில்லை. கேள்விகளை முன்கூட்டியே எழுதி எல்லோரிடமும் ஒரே மாதிரி கேட்டு மதிப்பெண் போடும் நேர்முகத்துக்கு 0.51, வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்முகத்துக்கு 0.38. பால் சாக்கெட் குழுவினர் 2022-ல் அந்தக் கணக்கைத் திருத்தியபோது இரண்டு எண்களும் இறங்கி 0.42, 0.19 ஆயின. ஆனால் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கூடிவிட்டது. மூத்தவர்கள் விரும்பாத ஓர் எண்ணும் 1998 அட்டவணையில் உண்டு: அனுபவ ஆண்டுகளின் மதிப்பு 0.18 மட்டும். ‘எனக்குப் பதினெட்டு வருட அனுபவம்’ என்பது தன்னளவில் பெரிய தகுதி ஆகாது. அந்தப் பதினெட்டு வருடத்தில் செய்ததை இன்று செய்து காட்ட வேண்டும்.

தொழில்நுட்பம் பழசாகிவிடும் என்ற பயத்தில் பாதிதான் நியாயம். வெப் பக்கங்கள் எழுத உதவும் ரியாக்ட் 2013-ல் வந்தது. 2019-ல் அதில் ஹூக்ஸ் என்ற வசதி வந்து எழுதும் முறையையே மாற்றியது. அன்று இருபதாக இருந்தாலும் நாற்பதாக இருந்தாலும் எல்லோரும் புதிதாகக் கற்றார்கள். ஆனால் டேட்டாபேஸோடு பேசும் மொழியான எஸ்.கியூ.எல். 1970-களின் சரக்கு. இண்டெக்ஸ் எங்கே போடுவது, டிரான்சாக்ஷன் எங்கே முடிய வேண்டும், ஒரே நேரத்தில் இரண்டு பேர் ஒரே ரசீதைத் திருத்தினால் என்ன ஆகும் என்பவை மாறவில்லை. போகிறபோக்கில் ஒன்று: யூனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சன், கூகுளில் ராப் பைக், ராபர்ட் கிரீஸ்மர் ஆகியோருடன் கோ என்ற புரோகிராம் மொழியை 2007-ல் வடிவமைக்கத் தொடங்கியபோது அவருக்கு வயது 64. நம்மூர் கன்சல்டன்சி அவருடைய ரெஸ்யூமை ஃபார்வர்டு செய்திருக்காது.

சோதிப்பது எப்படி? லிங்க்டு லிஸ்டைத் தலைகீழாக்கு, பலகையில் எழுது என்பது போன்ற புதிர்கள் வேண்டாம். கேம்பஸ் இன்டர்வியூவுக்குப் போன மாதம்தான் பயிற்சி எடுத்த பையனுக்கு அது கைவந்திருக்கும்; பதினைந்து வருடமாக உருப்படியான வேலை செய்தவருக்கு மறந்திருக்கும். இதுவும் வேஷம் மாற்றிய வயது வரம்புதான். அதற்குப் பதில் உங்கள் வேலையைப் போலவே ஒரு சின்ன வேலை கொடுங்கள். 300, 400 வரியில் பில் போடும் புரோகிராம் ஒன்று, அதில் வேண்டுமென்றே வைத்த இரண்டு தவறு, 90 நிமிடம்.

இந்த ஊருக்கே உரிய ஓர் உதாரணம் தருகிறேன். புதுச்சேரியில் இருக்கும் மொத்த வியாபாரி 18 சதவீத வரிப் பொருளை அனுப்புகிறார். யூனியன் பிரதேசத்துக்குள் அனுப்பினால் சி.ஜி.எஸ்.டி. (மத்திய வரி) 9, எஸ்.ஜி.எஸ்.டி. (மாநில வரி) 9, கடலூருக்கு அனுப்பினால் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கான வரி) 18. புரோகிராம் இதை பின்கோடின் முதல் மூன்று எண்ணை வைத்து முடிவு செய்கிறது: 605 என்றால் புதுச்சேரி, 607 என்றால் தமிழ்நாடு. பார்க்க ஒழுங்காக இருக்கும், ஓட்டினால் ஓடும். ஆனால் விழுப்புரம் 605602, ஆரோவில் 605101, இரண்டும் தமிழ்நாடு. பாகூர் 607402, அது புதுச்சேரி. காரைக்கால் 609-லும், மாஹே 673-லும், ஏனாம் 533-லும் தொடங்குகின்றன; மூன்றுமே புதுச்சேரி யூனியன் பிரதேசம். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தைப் பார்க்க வேண்டும்: புதுச்சேரிக்கு 34, தமிழ்நாட்டுக்கு 33. ஜி.எஸ்.டி. எண் இல்லாத வாடிக்கையாளர் என்றால் மாநிலத்தைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது தவறு, பைசா. 100.30 ரூபாய்க்கு 18 சதவீதம் 18.054, அதாவது 18.05. புரோகிராம் இதைப் பாதியாக்கி 9.025 என்று இரண்டு பக்கமும் போட்டுத் திணறுகிறது. சி.ஜி.எஸ்.டி.யையும் எஸ்.ஜி.எஸ்.டி.யையும் தனித்தனியாகக் கணக்கிட்டால் 9.03, 9.03, கூட்டினால் 18.06. ஒரு பைசா இடிக்கும், விடை சரிதானா என்று தானே சோதிக்கும் டெஸ்ட் புரோகிராம் சிவப்பாக நிற்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, விடையை எவ்வளவு சீக்கிரம் தட்டினார் என்பதை விட, என்ன கேட்டார் என்பது. ‘ரவுண்டிங் பில் முழுக்கவா, ஒவ்வொரு ஐட்டத்துக்குமா? உங்க ஆடிட்டர் எப்படிச் சொல்லியிருக்காரு?’ என்று கேட்பவர் ஒரு ரகம். கேட்காமல் தசமத்தை வெட்டி டெஸ்டைப் பச்சையாக்கிவிட்டு நிமிர்ந்து பார்ப்பவர் இன்னொரு ரகம். இந்த இரண்டு ரகமும் எல்லா வயதிலும் இருக்கிறார்கள்.

நேரத்தை இப்படிப் பிரிக்கலாம். படித்துப் பார்க்க 15 நிமிடம், திருத்த 45 நிமிடம், வேறொருவர் எழுதிய மாற்றத்தை ரிவ்யூ செய்ய 20 நிமிடம், அவர் உங்களிடம் கேள்வி கேட்க 10 நிமிடம். கெடுவது எங்கே என்றால், முன்னேற்பாட்டில். கம்பெனி லேப்டாப்பில் பழக்கமில்லாத எடிட்டர், இன்ஸ்டால் ஆகாத லைப்ரரி, வை-ஃபை பாஸ்வேர்டு தெரிந்தவர் லீவு. முதல் அரை மணி நேரம் இதிலேயே போனால், தடுமாறியது யார் என்று தெரியாது. முந்தின நாள் சாயங்காலமே ரெப்பாசிட்டரியை (புரோகிராம் கோப்புகளின் தொகுப்பை) அனுப்பி, சொந்த லேப்டாப்பில் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தவறுகள் உள்ள கோடை மட்டும் இன்டர்வியூ அன்று கொடுங்கள். ஜாவா, பைத்தான், பி.ஹெச்.பி. என்று இரண்டு மூன்று மொழியில் வைத்திருந்தால் நல்லது. வேலையில் இணையமும் சாட்ஜிபிடியும் பயன்படுத்த விடுவீர்கள் என்றால் இங்கேயும் விடுங்கள். அந்தக் கருவி எழுதிக் கொடுத்த கோடு பாகூரைத் தமிழ்நாட்டில் சேர்த்திருப்பதை யார் கண்டுபிடிக்கிறார் என்பதுதான் இப்போது தெரிய வேண்டிய விஷயம். வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் வேலை மூன்று மணி நேரத்தைத் தாண்டினால் பணம் கொடுங்கள். குழந்தையும் வயதான பெற்றோரும் உள்ள வீட்டில் சனி, ஞாயிறு முழுக்க உட்காரச் சொல்வது யாரை வடிகட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை.

‘டீமுக்கு செட் ஆவாரா’ என்பதற்கும் இதே 90 நிமிடத்திலேயே சான்று கிடைக்கும். தாளில் நான்கு தலைப்பு போதும். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்கிறாரா? மாற்றுக் கருத்தை எப்படி எடுத்துக்கொள்கிறார்? இதற்கு இன்டர்வியூ செய்பவர் இரண்டு யோசனை சொல்ல வேண்டும், ஒன்று உண்மையிலேயே நல்லது, இன்னொன்று வேண்டுமென்றே சொல்லும் மோசமானது. முதலாவதுக்கு மாறிக்கொண்டு, இரண்டாவதைக் காரணம் சொல்லி மறுப்பவர்தான் வேண்டும். இரண்டுக்கும் ‘சரிங்க சார்’ என்பவரும், இரண்டையும் தட்டிவிடுபவரும் சம அளவு ஆபத்து. மூன்றாவது, ரிவ்யூவில் அவர் எழுதும் குறிப்பு. ஜூனியர் எழுதியதாக மூன்று குறை உள்ள மாற்றம் ஒன்றைக் கொடுங்கள்: வாடிக்கையாளர் தட்டும் பெயரை அப்படியே எஸ்.கியூ.எல். வரியோடு ஒட்டியது, புரியாத பெயர் வைத்த வேரியபிள், இடைவெளி ஒழுங்கில்லாத வரி. எதை முதலில் பிடிக்கிறார், எந்தத் தொனியில் எழுதுகிறார் என்பது அப்படியே தெரியும். நான்காவது, அடுத்து வருபவருக்கு ஒரு பத்து வரிக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள். எதை முடித்தார், எதை விட்டார், எதில் சந்தேகம் என்று எழுதத் தெரிந்தவர் எந்த டீமிலும் இருக்கலாம்.

ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். 5 வேண்டாம்; நடுவில் 3 என்று போட்டுத் தப்பித்துக்கொள்வார்கள். 1 என்றால் என்ன, 4 என்றால் என்ன என்று முன்கூட்டியே ஒரு வரி எழுதி வையுங்கள். மூன்று பேர் உட்கார்ந்தால் மூன்று பேரும் தனித்தனியாகப் போட்ட பிறகுதான் பேச வேண்டும். எம்.டி. முதலில் வாயைத் திறந்தால் மற்ற இருவரின் பேனாவும் அவர் பக்கம் சாய்ந்துவிடும். ‘பொருந்தவில்லை’ என்று எழுதுகிறவர், வந்தவர் சொன்ன வார்த்தை அல்லது செய்த காரியம் ஒன்றையாவது பக்கத்தில் எழுத வேண்டும். எழுத ஒன்றுமில்லை என்றால் அந்தக் கட்டம் காலியாகவே கணக்கில் வர வேண்டும்.

இந்தக் கெடுபிடிக்குக் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் முதலீட்டு வங்கி, சட்டம், கன்சல்டிங் நிறுவனங்களில் ஆள் எடுக்கும் 120 பேரிடம் பேசி சமூகவியலாளர் லாரன் ரிவேரா 2012-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார். பொழுதுபோக்கிலும் பேச்சு நடையிலும் வாழ்ந்த விதத்திலும் தங்களைப் போலவே இருப்பவர்களைத்தான் அவர்கள் தேடினார்கள். சில சமயம் திறமையை விட அதுவே மேலோங்கியது. நம் ஊரில் ‘நம்மள மாதிரி’ என்பதற்குள் வயது மட்டுமா இருக்கிறது? சொந்த ஊர், சாப்பாடு, ஆங்கில உச்சரிப்பு, வாய்விட்டுச் சொல்லாத சாதி எல்லாம் இருக்கிறது. ‘சாயங்காலம் கிரிக்கெட் ஆடுவீங்களா’, ‘வீக் எண்ட் டீம் அவுட்டிங் வருவீங்களா’ என்பவை டீம் பற்றிய கேள்விகள் ஆகா. பெண்களிடம் கேட்கும் ‘கல்யாணம் எப்போ’, ‘குழந்தையை யார் பாத்துக்கறாங்க’ என்பவற்றையும் அதே கையோடு அடித்துவிடலாம். மூன்று வருடம் இடைவெளி விட்டவருக்கும் அதே பில் புரோகிராமைக் கொடுங்கள், தெரிந்துவிடும்.

உண்மையான சிக்கல் ஒன்று இருக்கிறது, அதை மூடி மறைப்பதில் பயனில்லை. 27 வயது லீடுக்கு 46 வயதுக்காரரிடம் ‘இது தப்பு’ என்று சொல்ல நாக்கு எழாது. நம் வளர்ப்பு அப்படி. ‘அண்ணா, முடிஞ்சா இதைக் கொஞ்சம் பாருங்களேன்’ என்று சாட்டில் ஒரு வரி போட்டுவிட்டு மெர்ஜ் செய்துவிடுவார், அதாவது அந்த மாற்றத்தை மெயின் கோடோடு சேர்த்துவிடுவார். ஒரு மாதம் கழித்து வாடிக்கையாளர் இடத்தில் அது வெடிக்கும். இதே லீட் ரிவ்யூவை ஆங்கிலத்தில் எழுதும்போது வேறு மாதிரி ஆகிறது: மரியாதை விகுதி எதுவும் இல்லாத மொட்டை வரி, மூத்தவருக்கு முகத்தில் அடித்தது போல் இருக்கும். இதற்கு அறிவுரையை விட ஏற்பாடுதான் உதவும். இடைவெளி, கமா சமாச்சாரங்களை லின்டர் என்ற கருவி சொல்லட்டும். மனிதர் சொல்ல வேண்டாம். ஒரு மாற்றம் 300 வரியைத் தாண்டக் கூடாது என்று வையுங்கள். ரிவ்யூ குறிப்பு ஒவ்வொன்றும் ‘கட்டாயம்’, ‘யோசனை’, ‘கேள்வி’ என்ற மூன்றில் ஒன்றோடு தொடங்கட்டும். ‘கட்டாயம்’ தீராமல் மெர்ஜ் பொத்தான் வேலை செய்யக் கூடாது. லீடின் கோடையும் புதிதாக வந்த மூத்தவர் முதல் வாரத்திலிருந்தே ரிவ்யூ செய்ய வேண்டும். இரண்டு பக்கமும் குறிப்பு வாங்கிப் பழகினால் ‘அண்ணா’வும் இருக்கும், ‘கட்டாயம்’ என்ற சொல்லும் இருக்கும். ஒன்றுக்கொன்று இடைஞ்சல் இல்லை.

வேலை தேடும் மூத்தவர்களுக்கும் சில வார்த்தை. எட்டுப் பக்க ரெஸ்யூமை யாரும் படிப்பதில்லை. இரண்டு பக்கம், கடைசிப் பத்து வருடம் போதும். கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், பிறந்த தேதி, திருமண விவரம் போட்டு, மேற்கண்டவை அனைத்தும் உண்மை என்று உறுதிமொழி எழுதுவதை விட்டுவிடுங்கள். ‘இருபது பேர் டீமை நிர்வகித்தேன்’ என்பதை விட, ‘இரவு நான்கு மணி நேரம் ஓடிய ரிப்போர்ட்டைப் பன்னிரண்டு நிமிடத்துக்குக் கொண்டுவந்தேன், இப்படிச் செய்தேன்’ என்ற ஒரு வரி வேலை வாங்கித் தரும். ஐந்தாறு வருடமாக மேனேஜராக இருந்து கை பழக்கம் விட்டவர்கள், விண்ணப்பிக்கும் முன் இரண்டு மாதமாவது தினமும் எழுதிப் பழக வேண்டும். கிட், டாக்கர் ஆகிய கருவிகள், டெஸ்ட் எழுதுவது, கூடவே இப்போதைய ஏதாவது ஒரு ஃப்ரேம்ஒர்க்கில் ஒரு முழுச் சின்ன வேலை. டெஸ்ட் கொடுத்தால் ‘இத்தனை வருஷத்துக்கு அப்புறம் எனக்கு டெஸ்ட்டா’ என்று முகம் சுளிக்காதீர்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகளும் உண்டு: ரிவ்யூ யார் செய்கிறார், வாடிக்கையாளர் இடத்துக்குப் புது வெர்ஷன் போவது எப்படி, ராத்திரி சர்வர் விழுந்தால் போன் யாருக்கு வரும்.

ஆள் வந்து சேர்ந்த பிறகு முதல் மூன்று மாதம் முக்கியம். முதல் வாரத்திலேயே சின்ன பக் ஒன்றைத் திருத்தி வாடிக்கையாளர் வரை அனுப்பச் சொல்லுங்கள்; பாதை முழுவதும் தெரிந்துவிடும். 30, 60, 90-ஆம் நாட்களில் இன்டர்வியூ தாளில் இருந்த அதே நான்கு தலைப்பை வைத்துப் பேசுங்கள், அவரும் உங்களுக்கு மதிப்பெண் போடட்டும். வந்த அன்றே ‘இனி ஜூனியர்களுக்கெல்லாம் இவர்தான் வாத்தியார்’ என்று அறிவிக்காதீர்கள். கம்பெனியின் கோடு இன்னும் தெரியாத வாத்தியாரைப் பையன்கள் மதிக்க மாட்டார்கள். ‘பழசு அவருக்குத்தான் தெரியும்’ என்று யாரும் தொடாத பழைய விஷுவல் பேசிக் மாட்யூலை மட்டும் அவர் தலையில் கட்டவும் கூடாது. அதை எடுத்துக்கொண்டு அவர் மூலையில் தனியாக உட்கார்ந்திருப்பார், தினசரி மீட்டிங்கில் அவரிடம் கேட்க யாருக்கும் எதுவும் இருக்காது. ஆறு மாதம் கழித்து அவர் ராஜினாமா கடிதம் கொடுக்கும்போது ஹெச்.ஆர். ஃபைலில் காரணம் என்று ‘டீமோடு ஒட்டவில்லை’ என்றுதான் பதிவாகும். பழைய மாட்யூலில் பாதி, புதியதில் பாதி என்று கொடுத்து, பழையதில் ஒரு ஜூனியரைக் கூட உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.